25 மாடி மரக் கட்டடமும் நம் வீட்டு நிலைக்கதவும்

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் 25 மாடி மரக் கட்டடம், எஃகை மிஞ்சும் மரம், ஊடுருவித் தெரியும் மரம், மரத்தில் செயற்கைக்கோள் என்று செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. இதில் எது நிஜமான முன்னேற்றம், எது ஆய்வகத்தோடு நின்றுவிட்டது? வீடு கட்டப்போகிற எனக்கு இதில் ஏதாவது பயன் உண்டா?"

நீங்கள் சொன்ன நான்குமே நடந்தவைதான், கட்டுக்கதை எதுவும் இல்லை. ஆனால் நான்குக்கும் ஒரே மதிப்பு கொடுக்க முடியாது. எனக்கு முக்கியமாகப் படுகிற முன்னேற்றங்கள் பெரும்பாலும் தலைப்புச் செய்தியில் வராதவை. ஏன் என்று சொல்கிறேன்.

மரத்துக்குப் பலம் போதாது என்று யாரும் அதைக் கைவிடவில்லை. கணுவில்லாத நல்ல மரத்தை நார்வாக்கில் இழுத்தால், எடைக்கு எடை சாதாரண கட்டுமான எஃகை அது தாண்டிவிடும். சிக்கல் நம்பகத்தில் இருந்தது. ஒரே தோப்பில் வெட்டிய இரண்டு மரங்கள் ஒரே சுமையைத் தாங்காது. ஒரே மரத்தில் அறுத்த இரண்டு சட்டங்களில் ஒன்றில் கணு நடுவில் இருக்கும், மற்றதில் ஓரத்தில் இருக்கும். இரண்டும் உடையும் சுமையில் ஏகப்பட்ட வித்தியாசம் வரும். திசை இன்னொரு தொல்லை. ஒரு கட்டு வைக்கோலை நீளவாக்கில் இழுத்து அறுப்பது கஷ்டம், பக்கவாட்டில் பிரிப்பது சுலபம், மரமும் அப்படித்தான். இதற்கெல்லாம் மேல் தண்ணீர். கடந்த 30 ஆண்டுகளில் மரவியலில் நடந்த உருப்படியான வேலைகளில் பெரும்பகுதி இந்த மூன்றையும் அடக்குவதற்காக நடந்தவை.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் உங்கள் வீட்டுக் கதவும் நீங்கள் சொன்ன 25 மாடிக் கட்டடமும் இந்த இடத்தில் ஒன்று. பச்சை மரத்தில் இரண்டு வகை நீர் உண்டு. செல்லின் உள்வெளியில் நிற்கும் நீர் ஒன்று, செல்சுவருக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் நீர் மற்றொன்று. உள்வெளி நீர் போகும்வரை மரத்தின் அளவு மாறாது. ஈரப்பதம் ஏறக்குறைய 28-30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் சுவரில் உள்ள நீர் கழல ஆரம்பிக்கும். சுருக்கம் அங்கே தொடங்குகிறது. அதுவும் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்காது. நீளவாக்கில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. மையத்திலிருந்து பட்டை நோக்கிக் கொஞ்சம் சுருங்கும். ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் அதைப்போல இரண்டு மடங்கு வரை சுருங்கும். பலகை குழிவதும் முறுக்குவதும் வெடிப்பதும் இந்த ஏற்றத்தாழ்வால்தான். அடங்கின மரம் என்று பேரெடுத்த தேக்கிலேயே, 6 அங்குல அகலப் பலகை ஒன்று 16 சதவீத ஈரத்திலிருந்து 10 சதவீதத்துக்கு இறங்கினால் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் சுருங்கலாம். ஐப்பசியில் இறுகி நிற்கும் கதவு சித்திரையில் லொடலொட என்று ஆடுவதற்கு ஆசாரியைக் குறை சொல்லிப் பயனில்லை. பல நேரம் மரம் உலராமலே பட்டறைக்கு வந்திருக்கும்.

இப்போது 25 மாடிக்கு வருவோம். அந்தக் கட்டடங்களில் இருப்பது பெரும்பாலும் சிஎல்டி எனப்படும் குறுக்கடுக்குப் பலகையும், குளூலாம் எனப்படும் ஒட்டுச்சட்டமும். குளூலாம் பழசு, ஜெர்மனியில் ஓட்டோ ஹெட்சர் வளைந்த ஒட்டு உத்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியது 1906-ல். சிஎல்டி 1990-களில் ஆஸ்திரியா, ஜெர்மனிப் பக்கம் உருவானது. கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கெர்ஹார்ட் ஷிக்ஹோஃபர் இதற்காக 2019-ல் மார்க்குஸ் வாலன்பெர்க் பரிசு பெற்றார். ஊசியிலை மரத்தைச் சூளையில் ஏறத்தாழ 12 சதவீத ஈரத்துக்கு உலர்த்துவார்கள். ஒவ்வொரு பலகையும் ஸ்கேனருக்குள் போகும். கணுவும் வெடிப்பும் உள்ள பகுதியை வெட்டித் தள்ளிவிட்டு, மிச்சத்தை விரல் கோத்த மாதிரியான பல் இணைப்பில் ஒட்டி நீளமாக்குவார்கள். பிறகு ஓர் அடுக்கு நெட்டில், அடுத்தது குறுக்கில் என்று 3, 5 அல்லது 7 அடுக்குகளைப் பசையிட்டு அழுத்துவார்கள். 3 மீட்டர் அகலம், 16 மீட்டர் நீளத்துக்கு ஒரு முழுச் சுவரே ஒரே பலகையாக வந்துவிடும். ஜன்னல் ஓட்டை, வயர் போகும் வழி எல்லாம் கணினி இயந்திரம் தொழிற்சாலையிலேயே குடைந்துவிடும்.

இதில் சூட்சுமம் குறுக்கு அடுக்கில் இருக்கிறது. நெட்டு அடுக்கு அகலத்தில் விரியப் பார்த்தால், நீளத்தில் அசையாத குறுக்கு அடுக்கு அதைப் பிடித்துக்கொள்கிறது. சுவர் முழுவதும் தன் தளத்தில் நார்வாக்கு மரத்தைப்போல நிலையாக நிற்கும். ஒரு கணுவின் பலவீனம் பத்துப் பலகைகளுக்குள் கரைந்துபோகிறது. தனி மரத்தைக் கணக்குப் போடும்போது பொறியாளர் பயந்து பயந்து வைக்கும் கூடுதல் பாதுகாப்பில் பெரும்பகுதி இங்கே தேவைப்படுவதில்லை. இன்னொன்று, யாரும் பேசாத விஷயம்: திருகாணி. தானே துளைத்து இறங்கும் முழுநீளத் திருகாணிகள் வந்த பிறகுதான் இந்தப் பலகைகளை வேகமாகவும் கணக்கிட்டும் கோக்க முடிந்தது. வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் 18 மாடி மாணவர் விடுதி 2017-ல் திறந்தது. அதன் மரப் பகுதியை எழுப்ப 70 நாள்கூட ஆகவில்லை.

நீங்கள் கேட்ட 25 மாடி, அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் உள்ள அசென்ட் கட்டடம், 2022-ல் முடிந்தது, உயரம் 86.6 மீட்டர். ஆனால் "முழுக்க மரம்" என்று நினைத்துவிடாதீர்கள். கீழே 6 மாடி கான்கிரீட், அதன்மேல் 19 மாடி மரம்; லிஃப்ட், படிக்கட்டுத் தண்டும் கான்கிரீட்தான். நார்வேயின் புருமுன்டால் ஊரில் 2019-ல் முடிந்த மியோஸ்டோர்னெட், 18 மாடி, 85.4 மீட்டர். அதன் தூண்களும் மூலைவிட்டச் சட்டங்களும் மரம். ஆனால் மேல் 7 தளங்களுக்குக் கான்கிரீட் பலகம் போட்டார்கள். பலத்துக்காக இல்லை, எடைக்காக! மரம் கான்கிரீட்டில் ஐந்தில் ஒரு பங்கு எடைதான். உயரமாகக் கட்டினால் காற்றில் மேல்மாடி ஆடி, குடியிருப்பவருக்குத் தலைசுற்றும். அந்த ஆட்டத்தைக் குறைக்க உச்சியில் பாரம் ஏற்றினார்கள். லேசாக இருப்பது அங்கே தொல்லை, நிலநடுக்கத்தில் அதுவே வரம். 2023-ல் சான் டியாகோவில் 10 மாடி மரக் கட்டடம் ஒன்றை நடுக்கு மேடையில் நிறுத்தி, 1994 நார்த்ரிட்ஜ், 1999 தைவான் நிலநடுக்கங்களின் அதிர்வைக் கொடுத்துப் பார்த்தார்கள். சுவர்கள் அடியில் சற்றுத் தூக்கிச் சாய்ந்து, இழுவைக் கம்பிகளால் மறுபடி நேராக நிற்கும்படி வடிவமைத்திருந்தார்கள். கட்டமைப்புக்குச் சேதமில்லாமல் நின்றது.

"தீ?" என்றுதான் எல்லோரும் அடுத்துக் கேட்பார்கள். சோதனையில் எரித்த தடிமனான தூண் ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் புரியும். வெளியே கரி. அதற்கடுத்து சில மில்லிமீட்டர் பழுப்புப் பட்டை. அதைத் தாண்டினால் அன்றைக்கு அறுத்த மாதிரி வெளிறிய, வாசனை மாறாத மரம். கரி வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. ஊசியிலை மரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.65 மில்லிமீட்டர் கரியாகும் என்பது ஐரோப்பிய விதிகளில் உள்ள கணக்கு. அதாவது ஒரு மணி நேரத்துக்கு 4 சென்டிமீட்டர். எத்தனை மணி நேரம் நிற்க வேண்டுமோ அதற்கேற்ப எரிந்துபோகட்டும் என்றே தூணைப் பருமனாக வைக்கிறார்கள். காப்பில்லாத எஃகு சூடேறினால் 550 டிகிரி வாக்கில் பாதிப் பலத்தை இழந்து வளைய ஆரம்பிக்கும். மரத்தைப்போல அது முன்கூட்டிக் கணக்கு சொல்லாது. அசென்ட் தூண்களை மேடிசனில் உள்ள அமெரிக்க வனத்துறையின் ஆய்வகத்தில் 3 மணி நேரம் எரித்துப் பார்த்த பிறகே அனுமதி கிடைத்தது.

அதற்காக மரக் கட்டடம் தீக்கு அஞ்சாது என்று விளம்பரக்காரர்கள் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஒல்லியான சட்டத்துக்கு இந்தக் கணக்கு உதவாது. சிஎல்டியிலும் ஒரு பொல்லாத பலவீனம் இருந்தது. சூடேறியதும் சில பசைகள் இளகி, கரியான அடுக்கு அப்படியே பெயர்ந்து விழும். புது மரம் தீக்கு முகம் காட்டும். அணையப்போன தீ மறுபடி எழும். அதனால்தான் வட அமெரிக்கத் தரவிதி 2018-ல் திருத்தப்பட்டு, பசை தீயிலும் பிடித்து நிற்கிறதா என்ற சோதனை கட்டாயமானது. அதன்பிறகே 2021-ஆம் ஆண்டு பன்னாட்டுக் கட்டட விதிநூல் 18 மாடிவரை மரத்தை அனுமதித்தது. அங்கேயும் உயரம் கூடக்கூட மரத்தை வெளியே தெரிய விடக்கூடாது. ஜிப்சம் பலகையால் மூட வேண்டும். தீயணைக்கும் நீர்த்தெளிப்பான் இல்லாமல் பேச்சே இல்லை.

சரி, எஃகை மிஞ்சும் மரம். 2018-ல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் லியாங்பிங் ஹூ, டெங் லி குழு நேச்சர் இதழில் வெளியிட்டது. மரத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடும் சோடியம் சல்பைட்டும் கலந்த கரைசலில் 7 மணி நேரம் கொதிக்க வைத்து மர நார்களைப் பிணைத்து வைக்கும் லிக்னினையும் ஹெமிசெல்லுலோஸையும் ஓரளவு வெளியேற்றினார்கள். பிறகு 100 டிகிரியில் சுமார் ஒரு நாள் அழுத்தினார்கள். தடிமன் ஐந்தில் ஒன்றாகிவிட்டது. காலி அறைகள் எல்லாம் நசுங்கி, செல்லுலோஸ் இழைகள் நெருங்கி, அவற்றுக்கிடையே ஹைட்ரஜன் பிணைப்பு கூடியது. அடர்த்தி மும்மடங்கு, பலம் பத்து மடங்குக்கு மேல். வேதியியலாக மிக அழகான வேலை, சந்தேகமில்லை. 2025-ல் இன்வென்ட்வுட் என்ற நிறுவனம் மேரிலாந்திலேயே இதை விற்பனைக்குத் தயாரிக்கவும் தொடங்கியது.

ஆனால் அந்தப் பத்து மடங்கு யாருக்குத் தேவை? ஐந்து பலகைக்குரிய கனத்தை ஒரு பலகையாக நசுக்குகிறோம். அதற்கு வெப்பம், ரசாயனம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு எல்லாம் ஆகும். உத்திரம் தொய்கிறதா என்பதைப் பலத்தைவிட விறைப்பும் தடிமனும்தான் முடிவு செய்கின்றன. மரத்தைத் தடிமனாகப் போட்டாலே அங்கே காரியம் முடிந்துவிடும். நசுக்கிய மரம் வெளிச்சுவர், கூரை, தரை, கீல், கைப்பிடி மாதிரி இடங்களுக்குப் பொருத்தமாக இருக்கும். எஃகு உத்திரத்தின் இடத்தை அது நாளைக்கே பிடித்துவிடும் என்பது பத்திரிகைத் தலைப்பு மட்டும்.

ஊடுருவித் தெரியும் மரமும் இதே குடும்பம். நிறம் தரும் லிக்னினை நீக்கி, காலி இடத்தில் செல்லுலோஸின் ஒளிவிலகல் எண்ணுக்கு நெருக்கமான பிசினை நிரப்பினால் ஒளி சிதறாமல் போகும். ஜெர்மனியில் சிக்ஃப்ரீட் ஃபிங்க் 1992-லேயே செல் அமைப்பைப் பார்க்க இதைச் செய்தார். 2016-ல் ஸ்டாக்ஹோமில் லார்ஸ் பெர்க்லுண்ட் குழுவும் ஹூவின் குழுவும் கட்டுமானப் பொருளாகக் கையிலெடுத்தார்கள். கணிசமான பங்கு பிசின் என்பதால் இதை மரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மரச் செயற்கைக்கோள் லிக்னோசாட், கியோட்டோ பல்கலைக்கழகமும் சுமிட்டோமோ ஃபாரஸ்ட்ரியும் மக்னோலியா மரத்தில் செய்த 10 சென்டிமீட்டர் பெட்டி. 2024 நவம்பரில் விண்வெளி நிலையத்துக்குப் போனது. விண்வெளியில் ஈரமும் இல்லை, பூஞ்சையும் இல்லை, கரையானும் இல்லை. மரத்துக்கு அதைவிட சௌகரியமான இடம் வேறு ஏது! வேலை முடிந்து எரிந்து விழும்போது அலுமினியத் துகளை மிச்சம் வைக்காது என்பதுதான் இதன் நியாயம்.

நம் மாதிரி வெயிலும் மழையும் கரையானும் உள்ள ஊர்களுக்கு உண்மையில் அக்கறை தர வேண்டியது வேறொரு முன்னேற்றம்: மரத்துக்கு விஷம் ஏற்றாமல் அதன் வேதியியலையே மாற்றுவது. செல்சுவரில் நீர் வந்து ஒட்டுவது ஹைட்ராக்சில் தொகுதிகளில். அசெட்டிக் அன்ஹைட்ரைடோடு வினைபுரிய வைத்தால் அவற்றின் இடத்தில் அசெட்டைல் தொகுதி உட்கார்ந்துவிடும், நீருக்கு இடம் குறைந்துவிடும். மரம் வீங்குவதும் சுருங்குவதும் வெகுவாகக் குறையும். பூஞ்சைக்கு வேண்டிய அளவு ஈரமும் செல்சுவரில் சேராது. இந்த வினை பல பத்தாண்டுகளாகத் தெரிந்ததுதான். பெரிய கலனில் சீராக, கட்டுப்படியாகும் விலையில் செய்வதுதான் வராமல் இருந்தது. நெதர்லாந்தின் ஆர்ன்ஹெமில் 2007-ல் அக்கோயா என்ற பெயரில் அது வணிகமானது. வேகமாக வளர்கிற, சாதாரணமாக மக்கிப்போகிற ரேடியேட்டா பைன் மரம் இந்தக் குளியலுக்குப் பிறகு தேக்கோடு போட்டி போடுகிறது. அறுத்தால் லேசான வினிகர் நெடி வரும், வினையில் மிஞ்சும் அசெட்டிக் அமிலம்தான் அது. அதே நாட்டின் ஸ்னேக் ஊரில் 2008-ல் இதே மரத்தில் கட்டிய 32 மீட்டர் பாலத்தில் 60 டன் சுமை வண்டிகள் போகலாம்.

ஃபின்லாந்துக்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள். நீராவியில் 180 முதல் 215 டிகிரிவரை சூடேற்றி ஹெமிசெல்லுலோஸைச் சிதைப்பது அது. ரசாயனம் இல்லை, நிறமும் அழகான பழுப்பு. ஆனால் மரம் நொறுங்கும் தன்மை அடையும், அதனால் சுமை தாங்கும் இடத்துக்கு ஆகாது. இன்னொன்று, வியாபாரிகள் சொல்லாதது: பூஞ்சையைத் தடுத்தாலும் கரையானை இது நம்பத்தகுந்த அளவில் தடுப்பதில்லை. சென்னையில் தரையை ஒட்டிய இடத்துக்கு இந்த வெப்ப மரத்தை யாராவது விற்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். 1995-ல் கூடலூர்க் காடழிப்பை எதிர்த்து கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் போட்ட உத்தரவு நாடெங்கும் காட்டு மரம் வெட்டுவதை முடக்கியது. அதற்கு முன்பே, 1993-ல், மத்தியப் பொதுப்பணித் துறை தன் கட்டடங்களில் மரத்துக்குத் தடை போட்டிருந்தது. 2020-ல்தான் அதை நீக்கியது. இடைப்பட்ட காலத்தில் பிளைவுட் தொழில் யூகலிப்டஸ், பாப்ளர், நம் பக்கம் மலைவேம்பு என்று தோட்ட மரங்களுக்கு மாறிவிட்டது. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி மலைவேம்பைப் பரப்பியதில் பெரும்பங்கு வகித்தது.

6, 8 ஆண்டில் வெட்டும் மரத்தில் வைரம், அதாவது உள்ளே முதிர்ந்து கருத்த பகுதி, ஏறியிருக்காது. இளம் மரத்தின் செல்சுவர் இழைகள் சாய்வாக ஓடும். அதனால் விறைப்பு குறைவு, நீளவாக்கிலும் சுருங்கி வளையும். சட்டமாக அறுத்தால் ஏமாற்றும் இந்த மரத்தை, மெல்லிய ஏடாக உரித்து, நார் எல்லாம் ஒரே திசையில் வைத்து ஒட்டினால் எல்விஎல் என்ற நல்ல உத்திரம் கிடைக்கும். இந்தியாவில் மர விஞ்ஞானத்தின் பெரிய வாய்ப்பு இதுதான் என்பது என் கருத்து. ஏடு உரிக்கும் ஆலைகள் கேரளத்தின் பெரும்பாவூரிலும் ஹரியானாவின் யமுனாநகரிலும் நிறைய இருக்கின்றன. குறைவது தரம் பிரிக்கும் ஒழுக்கமும், சுமை தாங்கும் பசையும், கட்டமைப்புக்கு இதை நம்பிக் கணக்குப் போடும் பொறியாளர்களும்தான். இறக்குமதி சிஎல்டியில் தனி வீடு கட்டுவது இன்றைக்கு உங்களுக்கும் எனக்கும் கட்டுப்படியாகாது, விட்டுவிடலாம்.

அப்புறம், உங்கள் வீட்டுக்கு. நிலைக்கும் கதவுக்கும் தேக்கு வாங்குவதானால் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், வைரத்தைப் பார்த்து வாங்குங்கள். தேக்கைக் கரையான் தொடாததற்குக் காரணம் வைரத்தில் சேரும் டெக்டோகுயினோன் போன்ற பொருள்கள்; வைரத்தைச் சுற்றி வெளிப்பக்கம் இருக்கும் வெளிறில் அவை இல்லை. எந்த மரமாக இருந்தாலும் வெளிறு கரையானுக்குத் தீனிதான். இளந்தோட்டத் தேக்கில் வெளிறின் பங்கு அதிகம். ஆசாரியிடம் "வெளிறை ஒதுக்கிவிடுங்கள், அல்லது மருந்தேற்றுங்கள்" என்று முன்பே சொல்லுங்கள். தூரிகையில் பூசும் எண்ணெய் மேல்தோலில் நின்றுவிடும். அழுத்தக் கலனில் ஏற்றினால்தான் மருந்து உள்ளே போகும். ரப்பர் மர அறைகலன் எல்லாம் நீடிப்பது இப்படி அழுத்தத்தில் போரான் ஏற்றுவதால். ஆனால் போரான் தண்ணீரில் கரைந்து வெளியேறிவிடும், அதனால் வீட்டுக்குள் மட்டும் சரி.

குளியலறைக்கு மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது என்று சொல்லப்படும் டபிள்யூபிசி கதவு தாராளமாகப் போடலாம், அது ஈரத்துக்கு அசையாது. மரம் என்று நினைத்து வாங்க வேண்டாம். கடையில் அந்தப் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் நுரைத்த பிவிசி. சமையலறைக்குப் பிளைவுட் என்றால் பசை எது என்று கேளுங்கள். கொதிநீர் தாங்கும் ஃபீனால் பசையா, யூரியா பசையா என்பதில்தான் ஆயுள் இருக்கிறது.

ஒரே ஒரு கருவி வாங்குவதாக இருந்தால், இரண்டு ஊசி குத்திப் பார்க்கும் ஈரமானி வாங்குங்கள். சில ஆயிரம் ரூபாய்தான் ஆகும், பக்கத்து வீட்டுக்காரரும் கடன் வாங்கிக்கொள்வார். மரக்கடையில் பலகையின் முனையில் குத்தாதீர்கள், முனை எப்போதும் காய்ந்திருக்கும்; நடுவில், நார்வாக்கில் குத்துங்கள். சென்னை போன்ற கடலோர ஊர்களில் 12-15 சதவீதம் காட்டினால் எடுத்துக்கொள்ளலாம். உள்நாட்டு வறண்ட ஊர், ஏசி போடும் அறை என்றால் இன்னும் இரண்டு குறைவாகப் பாருங்கள். 20-ஐத் தாண்டினால், கடைக்காரர் "இரண்டு வருஷம் காய்ந்த மரம் சார்" என்று சத்தியமே செய்தாலும், அடுக்கடுக்காக இடைக்கட்டை வைத்து நிழலில் இன்னும் சில மாதம் கிடக்கட்டும். அதற்கு நேரமில்லை என்றால் சூளையில் உலர்த்தித் தருகிற கடையைத் தேடுங்கள்.